கெடுதல்

யேனா நகரில் நவம்பர்.
ஸாலே ஆற்றின் மேல் படுத்த மூடுபனி
மதியம்வரை எழுந்திருப்பதில்லை.
மூன்றாம் மாடியில் நாங்கள்
பன்னிரண்டாவது வாரமாகத் தோற்றுக்கொண்டிருந்தோம்.

வேலை இவ்வளவுதான்:
ஒரு மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுபோய்
இறக்கிவிட வேண்டும்.
மரபணு எதிர்மின். செல்லின் தோலும் எதிர்மின்.
தனியே போனால் வாசலோடு தள்ளிவிடும்.
அதனால் துணைக்கு ஒரு பாலிமர்,
கிளைவிட்டுக் கிளைவிட்டு
நுனிதோறும் நேர்மின் ஏந்தியது.
நூற்கண்டுபோல் மரபணுவைச் சுருட்டித்
தனக்குள் ஒடுக்கிக்கொள்ளும்.
ஒற்றைத் தலைமுடியின் குறுக்கே
அப்படி ஆயிரம் உருண்டைகளை வரிசையாக நிறுத்தலாம்.
மேலே ஒட்டிய சர்க்கரைத் துணுக்குதான்
இன்ன வீட்டுக்கு என்ற முகவரி.

செல்கள் ஒரு சிறுமியின் மூக்கிலிருந்து வந்தவை.
பெயர் தெரியாது. தட்டின் மேல் 0417.
வயது ஏழு.
நெஞ்சுச்சளி தார்போல் இறுகும் என்பதைக்
கோப்பு வேறு சொற்களில் சொல்லியிருந்தது.

உருண்டை உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தோம்.
செல் அதை விழுங்கி ஒரு பையில் போடும்.
பை புளிக்கும்.
பாலிமர் அந்தப் புளிப்பைக் குடித்துக் குடித்து
பை வீங்கி வெடிக்கும்.
இதுவரை எல்லாம் புத்தகத்தில் உள்ளபடி.
பிறகு ஒன்றும் நடக்காது.
வீட்டுக்குள் வந்த பின்னும்
பாலிமர் பிடித்த பிடியை விடாது.

மரபணு விடுபட்டால் செல் பச்சையாய் ஒளிரும்.
ஆயிரத்துக்கு மூன்று. ஆயிரத்துக்கு நான்கு.
ஒரு வெள்ளிக்கிழமை ஏழு;
அன்று கேக் வாங்கினோம்.
நேர்மின்னைக் கூட்டிப் பார்த்தபோது
செல்களே செத்து மிதந்தன.

பிறகு வீப்கே செய்த தவறு.
புதுப்புட்டி குளிர்பெட்டியில் இருக்க,
அவள் எடுத்தது ஜன்னல் விளிம்பில்,
ஹீட்டருக்கு நேர் மேலே,
ஆகஸ்டில் யாரோ மறந்துபோனதை.
மூடி இறுகாதது. நிறம், கழுவிய தேநீர்க்கோப்பையின் தண்ணீர்.
திங்கட்கிழமை நுண்ணோக்கியில் கண்வைத்தவள்
பேசாமல் எழுந்து நாற்காலியை எனக்கு விட்டாள்.

பச்சை.
எண்ணினேன். கணக்குத் தப்பியது. மறுபடி எண்ணினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு.
மீதியிருந்ததை வைத்து இன்னொரு தட்டு:
முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு.
புட்டி காலி.

சோதித்தபோது கிளைகளில் பாதி உதிர்ந்திருந்தது.
'கெட்டுப்போச்சு' என்று தமிழில் சொல்லிவிட்டேன்.
என்னது என்றாள்.
தோன்றல் திரிதல் கெடுதல் என்று
எட்டாம் வகுப்பில் கத்திப் படித்தது
எங்கிருந்தோ வந்தது வாய்க்கு.
வெள்ளைப் பலகையில் எழுதிக் காட்டினேன்:
மரம். வேர்.
பக்கத்தில் நிறுத்தினால் வெறும் இரண்டு சொல்.
மகரமெய் கெட்டால்தான் மரவேர்.
'ம்' என்பதை விரலால் அழித்தேன்,
புள்ளி மட்டும் போகாமல் நின்றது.
வீப்கே கொஞ்ச நேரம் புள்ளியைப் பார்த்தாள்.
'சரி, எத்தனை கிளை?' என்றாள்.

அதைத்தான் தேடுகிறோம் இப்போது.
எத்தனை நாள், எவ்வளவு சூடு, எவ்வளவு ஈரம்.
அதே ஜன்னலில் பதினோரு புட்டிகள்,
மூடியை முக்கால் திருகு திருகி.

இன்று காலை
கட்டடப் பராமரிப்பிலிருந்து ஹெர் ட்ரோஸ்ட் வந்தார்.
கையில் குறடு.
அக்டோபரில் நாங்களே கொடுத்த புகார்:
வால்வு சிக்கிக்கொண்டது, அறை வேகிறது.
வீப்கே ஹீட்டருக்கு முன்னால் போய் நின்றாள்.
பழுதாகவே இருக்கட்டும் என்றாள்.
அவர் என்னைப் பார்த்தார்,
இரண்டு பேரில் ஒருவருக்காவது புத்தி இருக்கும் என்று.
நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன்.

படிவத்தை நீட்டினார்.
காரணம் என்ற கட்டத்தில் 0417 என்று எழுதிக்
கையெழுத்துப் போட்டேன்.
வியர்வையைத் துடைத்துக்கொண்டே
ஜன்னலையாவது திறந்து வையுங்கள் என்றார்.
அதுவும் முடியாது என்றோம்.