ஒன்பதாம் அறையின் குளிர்

இரவு பத்தே காலுக்கு
டொக்யார்ட் வீதிக் கந்தோரின் மின்மானியில்
சிவப்புப் பொட்டு சிமிட்டிக்கொண்டிருந்தது.
ஆளில்லை. வெளிச்சமில்லை.
காவல் ஜவாஹிர் டோர்ச் பிடிக்க
எண்ணை எழுதினேன்,
பத்து நிமிடம் விட்டு மறுபடியும்.
யாரோ உள்ளே இருந்து
கரண்டைக் குடிக்கிறார்கள்.

பகலில் பார்த்தது வேறு.
மேற்கு முகம் முழுக்கக் கண்ணாடி;
ஆடிக் கச்சானில், மூன்று மணிக்குப் பிறகு
அதில் விரல் வைக்க ஏலாது.
கண்ணாடிக்குப் பின்னால் திரை,
திரைக்குப் பின்னால் இருட்டு,
இருட்டுக்குப் பதினாறு குழல்விளக்கு,
விளக்கின் சூட்டையும் சேர்த்து இறைத்தபடி
பதினெட்டில் ஏசி.
அதற்கடியில் கம்பளிச் சட்டையோடு
சம்பளப் பட்டியல் அடிக்கிறார் சுகிர்தா மிஸ்.
"இருபத்தாறில் வைக்கலாமே?"
"ரிமோட் பெரியவரின் லாச்சிக்குள்ள, தம்பி.
திறப்பும் அவரிட்டத்தான்."

வெளியே நிழல் இருந்தது,
ஆனால் ஏசிப் பெட்டிகள் ஐந்தும் அங்கேதான் ஊதின.
கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று
மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டு
வெயிலைக் கடந்து எதிர் மதிலோரம் போய்ப் படுத்தது.

அறிக்கையில் நான் புதுக் கட்டடம் கேட்கவில்லை.
கூரைக்கு வெள்ளைப் பூச்சு.
கண்ணாடிக்கு வெளியே மரச்சட்டம்
(வெயில் உள்ளே வந்தபின் திரை என்ன செய்யும்).
கதவிடுக்குக்கு றப்பர்.
கிழக்கு யன்னலை மறைத்து நிற்கும்
கோப்பு அலுமாரியை நகர்த்துதல்.
கடைசியானதற்கு மட்டும்
அன்றே கையெழுத்து விழுந்தது.
செலவில்லை அல்லவா.

நாலு பேர் தள்ளினோம்.
பெயின்ற் அடித்தடித்து ஒட்டிப்போன கொண்டியை
ஜவாஹிர் உளியால் நெம்ப,
டச்சுக்குடாவின் காற்று
அனுமதி கேளாமல் ஏறி வந்து
லீவு விண்ணப்பங்களை எல்லாம் பறக்கவிட்டது.
திட்டித் திட்டிப் பொறுக்கினார் சுகிர்தா மிஸ்.
பிறகு, ஒருவரையும் பாராமல்
கம்பளிச் சட்டையைக் கழற்றிக்
கதிரையில் போட்டார்.

ஆனால் இந்த இரவு எண்?
மாடிக்கு ஏறினோம். ஒன்பதாம் அறை.
பெயர்ப்பலகை அப்படியே இருக்கிறது;
ஆள் வவுனியாவுக்கு மாற்றலாகி
பதினான்கு மாதம்.
கதவில் காது வைத்தேன்.
உள்ளே குளிர் ஓடிக்கொண்டிருந்தது
ஒரு சுழல்கதிரைக்கும்
போன வருடக் கலண்டருக்கும்.

பிரேக்கரை இறக்கிவிட்டு
கீழே வந்து பார்த்தால்
பொட்டு இன்னும் சிமிட்டுகிறது,
முன்னைவிட ஆறுதலாக.

"அது என்ர கேத்தல்," என்றார் ஜவாஹிர்.
"எழுதிப்போடாதீங்க.
தேத்தண்ணி ஊத்தவா?"