ஆறாவது பிளக்

ஓலவாரியாவில் ஜூலைக் குளிர்.
பழைய செய்தித்தாளின் மேல்
ஆறு பிளக்குகளை வரிசையாய் வைத்தாள் நெலிதா.
முதலாவது கரி.
நடுவில் இருந்தவை காப்பிக்கொட்டை நிறம்.
ஆறாவது வெளுத்திருந்தது,
எங்கள் ஊர்ச் சூளைச் சுண்ணாம்பு மாதிரி.

பிஸ்டனைக் கழற்றிக் கொடுத்தார் டார்தோ.
நடுவில் ஓட்டை.
சுண்டுவிரலை விட்டேன், நுழைந்தது.
ஐந்தாம் சுற்றில், வளைவுக்கு முன்,
நான் கேட்ட சத்தத்தின் அளவு.

பெட்ரோல் ஆறு பேருக்கும் ஒன்றுதான்.
ஓரவஞ்சனை செய்தது காற்று.
முன்வாயில் புகுந்த வேகத்தில்
அதற்குத் திரும்பத் தெரியவில்லை.
முதல் கதவைக் கண்டும் காணாமல் ஓடி
கடைச்சுவரில் முட்டி
அங்கேயே குவிந்தது.
பந்திக்கு முந்து என்பார்கள்.
இந்தப் பந்தியில் முந்தியவன் இலை காலி.
கடைசி இலையில் கொட்டிக் கவிழ்த்ததைத்
தின்றவனோ
வெந்தே போனான்.

பெட்டிக்குக் கண்ணாடி மூடி போட்டாள்.
மகனின் பிரிந்த ஸ்வெட்டரிலிருந்து
சிவப்பு நூல்களை வெட்டி உள்ளே ஒட்டினாள்.
ஊதியை முடுக்கியதும்
எல்லாம் ஒரு பக்கம் படுத்தன.
முதல் வாயருகே ஒன்று மட்டும்
சுற்றிக்கொண்டே இருந்தது,
விலாசம் தொலைத்த ஆள் போல.

"போகப் போக ஒடுக்கணும்" என்றாள்.
ஒவ்வொருவரும் எடுத்ததுபோக
மிச்சம் எவ்வளவோ
இடமும் அவ்வளவே.

அலுமினியம் அறுத்தோம்.
குழாய் வாய்களைக் கட்டைவிரலால் தடவித் தடவி
உருட்டினேன்.
கூர்விளிம்பில் காற்று கிழியும்.

சண்டை வந்தது நீளத்தில்.
வால்வு மூடும்; வந்துகொண்டிருந்த காற்று
மோதிப் பின்வாங்கும்,
பெட்டிவரை போய் மறுபடி வரும்.
வருகிற நேரம் கதவு திறந்திருந்தால்
தானே நிரம்பும் அறை.
குழாய் நீளம் என்பது
அந்தப் போய்வருதலுக்கு ஆகும் நேரம்.
டார்தோவுக்கு எட்டாயிரத்தில் வேண்டும் அது,
நேர்ச்சாலையில்.
எனக்கு ஐயாயிரத்தில்,
வளைவிலிருந்து வெளியே வரும்போது.
நான்கு சென்டிமீட்டருக்காக
இரண்டு நாள் பேசவில்லை.
கெண்டியில் மாத்தே ஆறிக் கிடந்தது.
மூன்றாம் நாள் காலை பார்த்தால்
அவர் வெட்டியிருந்தார், இரண்டு.
அதைப் பற்றியும் பேசவில்லை.

ஞாயிறு, பதினோராம் இடம்.
எல்லோரும் கூடாரத்தைச் சுருட்டும்போது
செய்தித்தாளில் மறுபடி ஆறு பிளக்குகள்.
ஏறக்குறைய ஒரே நிறம்.
நெலிதா மட்டும்
மூன்றாவதை எடுத்து, மறையும் வெயிலில்
திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.