போத்தல் கணக்கு

மூண்டாங் கை ஜெற்.
முதல் வச்சிருந்தவன் பிறேசிலில மாட்டுப்பண்ணைக்காரன்,
பிறகு சுவிசில ஒரு பல் டொக்டர்,
இப்ப நான்:
குருநகரில ஐஸ் கொம்பனி, நண்டு ஏற்றுமதி,
சாரத்தோட இருந்து போனில விலை பேசினவன்.

யெசிந்தாவுக்குப் பாதி விலைதான் சொன்னனான்.
அதுக்கே சோத்துக் கோப்பையை
மெதுவாத் தள்ளி வச்சிட்டு எழும்பினவ.

பரிசோதிக்க ரத்மலானையில இருந்து இந்திக வந்தார்.
குழந்தைக்குத் தொண்டை பாக்கிற மாதிரி
எஞ்சினுக்குள்ள வயர்க் கமராவை விட்டார்.
ரண்டாயிரத்து நூற்றி நாப்பது மணித்தியாலம் ஓடினது,
இறங்கினது அதைவிடக் கூட.
"கிட்டக் கிட்டப் பறந்திருக்கிறான்" எண்டார்,
வாடகைக்கு விட்ட ஓட்டோவைப் பற்றிச் சொல்லுறது போல.
உள்ளுக்கு ஒரு தகட்டில நகக்கீறல்.
அந்தக் கீறலுக்கு
நாவற்குழியில ரண்டு பரப்புக் காணி வாங்கிற காசு குறைச்சாங்கள்.

லொக் புத்தகத்தில ஒரு மாசம் வெறுமை.
கிழிச்சதில்லை. எழுதாமல் விட்டது.
பல் டொக்டரைக் கேட்டன்.
மனுசி செத்த மாசம் எண்டான்.
அதுக்குப் பிறகு நான் விலை பேசேல்லை.

நண்டுக்கெண்டுதான் வங்கிக்கு எழுதிக் குடுத்தது.
பெட்டியைக் கொண்டுபோய் வச்சுப் பாத்தால்
கதவு நாலு விரக்கடை காணாது.
நண்டு இப்பவும் லொறியில கொழும்புக்குப் போகுது.
நான் முன்னுக்குப் பறந்துபோய்
அது வருமட்டும் காத்துக்கொண்டு நிக்கிறன்.
டாங்கி நிரப்பினால் ரண்டு பேர்,
நாலு பேர் ஏறினால் அரை டாங்கி.
சொந்தக்காரரைக் கழிக்க நல்ல சாட்டு.

ஓடினாலும் காசு, நிண்டாலும் காசு.
வள்ளம் நிண்டால் பாசி மட்டுந்தான் பிடிக்கும்.
இதுக்குத் தரிப்புக் கூலி, காப்புறுதி, பற்றறி,
ஹர்ஷனுக்குச் சம்பளம்
(என்ர மனேச்சருக்குத் தெரிஞ்சால் ராஜினாமா).
பலாலிக் காத்தில உப்பு.
என்ர ஐஸ் மிசினைத் தின்ட அதே காத்து.
பின்னேரத்தில நானே ஈரத்துணியால துடைக்கிறன்,
ஆரும் பாக்காத நேரமாப் பாத்து.

முதல் நாள் தெற்கை பாத்துத்தான் எழும்பினது.
தெல்லிப்பளைச் சந்தியில ஒரு ஆள்
சைக்கிளை அப்படியே விட்டிட்டு
மதிலோட மதிலா ஒட்டி நிண்டவராம்.
பக்கத்தில நிண்ட பள்ளிக்கூடப் பெடியள்
போன் பிடிச்சுப் படமெடுத்தவங்களாம்.
றைவர் பகிடியாத்தான் சொன்னவன்.
ஹர்ஷனைக் கூப்பிட்டு,
காத்து விடுகிற நாளில கடல் பக்கமா எழும்பு எண்டன்.
"சுத்து, சேர். எண்ணெய் கூடப் போகும்."
போகட்டும்.

எண்ணெய் எண்டால்,
தொண்ணூற்றிரண்டில என்னட்டை ஒரு கேம்பிரிட்ஜ் கார்.
பெற்றோல் கண்ணிலயும் இல்லை.
காபரேற்றருக்கு நாலு சொட்டுக் காட்டி
ஸ்ராட் பண்ணி,
உறுமினவுடன மண்ணெண்ணெய்க்கு மாத்திறது.
பின் சீற்றில ஐஸ், மீன்,
ஒரு இரவு பிள்ளைத்தாச்சி ஒருத்தி.
ஊரே கறுத்த புகையில போய் வந்தது.

போன கிழமைதான் யெசிந்தா முதல் தரம் ஏற வந்தவ.
ஏறேல்லை. செட்டையின்ர நிழலில நிண்டா.
பவுசர் வந்தது.
"எத்தின லீற்றர் ஐயா?"
என்ர வாயில வந்தது,
"இருநூறு போத்தல்."
பெடியனுக்கு விளங்கேல்லை.
போத்தல் எண்டால் என்ன கணக்கெண்டு
ஹர்ஷனைப் பாத்தான். அவனுக்கும் தெரியாது.

குழாயைப் பூட்டேக்க மணம் வந்தது.
ஜெற் குடிக்கிறதும் மண்ணெண்ணெய்தான்,
கொஞ்சம் குளிச்சு முழுகினது.
யெசிந்தா சீலைத் தலைப்பால மூக்கைப் பொத்தினா.
பிறகு எடுத்தா.
"கேம்பிரிட்ஜ்" எண்டா.

அப்பதான்
மிச்சப் பாதி விலையையும் சொன்னன்.
அவ சொன்னதை
இதில எழுதேலாது.