அணில் சட்டை

டான்டோக்பா சந்தையில்
அஃபியாவியிடம் சட்டையை நீட்டுகிறான்
பைக் டாக்சி செக்லா:
அணிலைப் பிரித்துச் சிறுத்தையைத் தை.
பேர் மாற்றியாயிற்று, மேலிடத்து முடிவு.
அணிலுக்கு எவன் பயப்படுவான்?

தஹோமே என்றிருந்த காலத்திலேயே
தோற்கப் பழகிய அணி.
நாட்டின் பேர் மாறிற்று, கொடி மாறிற்று,
திரும்பவும் பழைய கொடி.

ஆனால் எகிப்தில், அந்த ஜூலையில்,
ஒரு ஆட்டமும் ஜெயிக்காமல், தோற்காமல்,
மொராக்கோவின் பெனால்டி
கம்பத்தில் மோதித் திரும்பிய நொடி
மீன்கடைகளில் ஆளில்லை.
ஈக்கள் நடத்தின வியாபாரம்.
காலிறுதிக்குத் தாவியவை அணில்கள்தாம்.

அஃபியாவி ஒன்றும் சொல்லவில்லை.
பல்லால் நூலைக் கடித்துப் பிரித்தாள்.
சிறுத்தை வந்து உட்கார்ந்தது,
கொஞ்சம் கோணலாக.
உள்பக்கம், நெஞ்சு படும் இடத்தில்
அந்த வாலை மட்டும் விட்டுவைத்தாள்.

கூலி நூறு பிராங்கு கூடுதல் என்றாள்.
ஏனென்று அவன் கேட்கவில்லை.