நான்காவது சீட்டு

யாக்கிமாவில் ஆப்பிள் பெட்டி கட்டும் பருவம்.
பழத்து மெழுகு போகாத விரலால்
இட்செல் சம்பளச் சீட்டை
மேசையில் நீவி வைக்கிறாள்.

பிள்ளையின் விரலில் ஒரு குத்து.
இரும்புச் சத்து குறைவாம்.
அழுகையில் குறைவில்லை.

"பதினொரு டாலர் கூடிப்போச்சு"
ரோண்டா திரையிடம் சொல்கிறாள்.

லாரிகள் வரிசை கட்டிய அந்த ஒரே வாரம்
விடிய விடியக் கால் மாற்றி நின்றதைச் சொல்ல
இட்செலிடம் இங்கிலீஷ் போதவில்லை.
'ஓவர்டைம்' என்ற கட்டத்தைத்
தொட்டுக் காட்டுகிறாள்,
வலிக்கும் இடத்தை டாக்டரிடம் காட்டுவதுபோல.

ரோண்டா கண்ணாடியைக் கழற்றுகிறாள்.
"நாலு வாரச் சீட்டும் இருக்கா?"

டயாபர் பைக்குள் துழாவுகிறது கை.
மூன்று.
அப்புறம் ஓர் ஆப்பிள்,
அடிபட்டது, கடைக்குப் போகாதது.

பிள்ளை அழுகையை நிறுத்தி
அதைக் கடிக்கிறது.
கை இன்னும் பைக்குள்.
ரோண்டா அடுத்த பெயரைக் கூப்பிடவில்லை.