ஓரக்குறிப்பு

முப்பத்தோரு வருடம்
மெர்வின் டேக்கரின் தோட்டாக்களை எண்ணியவள் நான்.
சுடுவது அவர் வேலை.
ஆறு குண்டு கொள்ளும் ரிவால்வரில்
ஏழாவது வெடித்தால்
ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி.

எழுபத்திரண்டில்
லண்டன் அலுவலகத்தின் நான்காம் மாடிக்கு
முதல் கட்டு வந்தது. சணல் கயிறு, ஈர நாயின் வாசம்.
ஹார்விச் துறைமுகத்தில் சுங்க அதிகாரியாம் மனிதர்.
பெட்டியைத் திறக்காமலே
முகத்தைப் பார்த்து உள்ளிருப்பதைச் சொல்லிவிடுவாராம்.
கால்புள்ளி எங்கே வைப்பதென்று மட்டும்
கடைசிவரை தெரியவில்லை.

இடது கன்னத்துத் தழும்பு
நூறு பக்கத்தில் வலப்பக்கம் குடிபெயரும்.
செவ்வாய் இரவு வியன்னாவில் கிளம்பும் ரயில்
திங்கள் காலை பாசெலில் வந்து நிற்கும்.
நீலக்கண் பெண்கள்
பழுப்புக் கண்ணோடு சாவார்கள்.
கண்ணைத் திருத்தினேன்.
சாவைத் திருத்த எனக்கு அதிகாரமில்லை.

விற்றது.
ஐயோ, எப்படி விற்றது!
தங்க எழுத்து புடைத்த அட்டைகள்
ரயில் நிலையக் கடையில், இருமல் மிட்டாய்க்குப் பக்கத்தில்.
க்ரூவில் ஏறியவர் யூஸ்டன் வருமுன்
கொலைகாரனைக் கண்டுபிடித்துவிட்டு
புத்தகத்தை இருக்கையிலேயே விட்டு இறங்குவார்.
அடுத்தவர் எடுப்பார்.
விமர்சகர்கள் அவரை மழைக்குக்கூட ஒதுங்காத இடமாக வைத்திருந்தார்கள்.
அவர் சஃபோக்கில் ஒரு பழைய காற்றாலையை வாங்கினார்.
அதன் கூரை ஒழுகிற்று.

ஒவ்வொருவருக்கும் நான் ஓர் அட்டை வைத்திருந்தேன்:
பெயர், உயரம், எந்தக் கைப் பழக்கம், இறந்த பக்கம்.
நானூற்றுப் பன்னிரண்டு பேர்.
மூன்று செருப்புப் பெட்டிகள்.

இருபத்தொன்பதாம் நாவல், பக்கம் 212.
ஆன்ட்வெர்ப்பில் ஒரு மதுக்கடை, வெளியே பனித்தூறல்.
உளவாளி உள்ளே வருகிறான், தோள்பட்டையில் ரத்தம்.
கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தவன்
ஒன்றும் கேட்காமல் சூப்பை முன்னே நகர்த்துகிறான்.
ஓட்டோ பிரிங்க்.
கப்பல் சமையற்காரன்.
நான்காம் நாவல், பக்கம் 88, ராட்டர்டாம், பியானோக் கம்பி.

'இவர் இறந்துவிட்டாரே?' என்று எழுதி அனுப்பினேன்.

பத்து நாள் கழித்து
என் பென்சிலுக்குக் கீழே அவருடைய நீல மை:
'தெரியும், மிஸ் குவில்லம்.
அந்த மாதம் வீட்டுக்கடன் பாக்கி இருந்தது,
அத்தியாயம் முடிய ஒரு பிணம் வேண்டியிருந்தது.
கையருகில் அவன்தான் நின்றான்.
நல்ல சமையற்காரன்.'

இருவரும் இரண்டே முறை சந்தித்திருக்கிறோம்,
இரண்டு முறையும் வானிலையைப் பற்றிப் பேசினோம்.
அன்று என் கேள்விக்குறியை நானே அழித்தேன்.
தாளில் லேசான பள்ளம் மட்டும் மிஞ்சியது.

அச்சான பிறகு கடிதங்கள். முந்நூற்று நாற்பது.
ஹல் நகரத்தின் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வேக்ஃபீல்டு சிறையிலிருந்து ஒருவர் (கோடு போட்ட தாள், அழகான கையெழுத்து),
ஒரே ஊரிலிருந்து இரட்டைச் சகோதரிகள், தனித்தனியாக.
பிழை, பிழை என்று எல்லோரும்.
ஆமாம் என்று பதில் எழுதினேன்,
பிழைதான்;
அப்படித்தான் பிழைத்தான்.

மெர்வின் போன மார்ச்சில் போனார்.
நாளிதழில் அவர் வயது ஒன்று கூடுதலாக இருந்தது.
திருத்தினேன், யாருக்கும் அனுப்பாமல்.

ஓட்டோவின் அட்டையில்
இறந்த பக்கத்தை ரப்பரால் தேய்த்தாகிவிட்டது.
மூன்று பெட்டிகளும் செத்தவர்களுக்கானவை,
உயிரோடிருப்பவனுக்கு என்னிடம் இடமில்லை.
இப்போதைக்கு
அடுப்படி அலமாரியில்
உப்பு ஜாடியில் சாய்ந்து நிற்கிறான்.