குறையாத எண்

கடைசி டிராமை டிப்போவில் விட்டுவிட்டு
வீடு வந்து சேர பன்னிரண்டே முக்கால்.
பூட்ஸில் ஒட்டிய பனி உருகும் முன்
தொட்டியின் எதிரே மண்டியிடுகிறேன்.
ப்ர்னோவில் கடல் இல்லை.
இந்த நாட்டுக்கே கடல் இல்லை.
பொட்டலத்து உப்பைக் கரைத்து
நானே செய்து வைத்திருக்கிறேன்
முந்நூறு லிட்டர்.

கண்ணாடிக் குப்பியில் பத்து மில்லி.
ஓரத்தில் ஒரு குமிழி ஒட்டியிருந்தாலும்
கணக்கு பொய்த்துவிடும்.
குப்பியின் வெளிப்புறத்தை
மூக்குக்கண்ணாடித் துணியால் துடைக்க வேண்டும்;
கைரேகையைக்கூட
கடலின் குணம் என்று எடுத்துக்கொள்ளும் கருவி இது.
முதலில் வெறும் நீரைக் காட்டுகிறேன்.
இதுதான் பூஜ்யம், ஞாபகம் வைத்துக்கொள்.
பிறகு ஒரு மில்லி மருந்து.
கவிழ்த்து, நிமிர்த்தி, கவிழ்த்து, நிமிர்த்தி,
நீலமா பச்சையா என்று முடிவெடுக்காத ஒரு நிறம்.
பொத்தானை அழுத்தினால்
அதன் வயிற்றுக்குள் ஒரு சின்ன விளக்கு
எரிந்து அணைகிறது.

8.2

பவளங்கள் தின்றது போக மிச்சம்.
நீரிலிருக்கும் காரத்தை எடுத்து
எலும்பாக்கிக்கொள்கிற ஜீவன்கள் அவை.
நாளுக்கு ஒன்று, பசித்தால் ஒன்றேகால்.
தின்றதை பம்ப் சொட்டுச் சொட்டாய் ஈடுகட்டும்.
ஆறு வருடமாய் நான் பயந்ததெல்லாம்
எண் இறங்கிவிடுமோ என்றுதான்.

நவம்பரில் லூமிர் வந்தான், என் தம்பி,
ஒஸ்த்ராவாவிலிருந்து, இரண்டு பெட்டிகளோடு.
வேலை போயிற்று என்றான்.
மற்றது எதையும் சொல்லவில்லை.
சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்தான்.
ஜனவரியில் ஓர் இரவு
போனுக்கு சார்ஜ் போட இடம் தேடி
ஏதோ ஒரு பிளக்கைப் பிடுங்கியிருக்கிறான்.

ஹீட்டர்.

நான் கை வைத்துப் பார்த்தபோது
பத்தொன்பது டிகிரி.
எதுவும் சாகவில்லை.
எதுவும் திறக்கவும் இல்லை.
ஊதாக் கிளைகளெல்லாம் வாயை மூடிக்கொண்டன.

8.6
9.1
9.5

ஏறுகிறதே, நல்லதுதானே என்றாள் ஸ்வதாவா,
எனக்கு முந்தைய ஷிஃப்டை ஓட்டுகிறவள்,
என் நோட்டை எட்டிப் பார்த்து.
தின்பார் இல்லாத வீட்டில்
பானை நிறைந்துதான் இருக்கும் என்று
அவளிடம் எப்படிச் சொல்ல?
பம்பை நிறுத்தினேன்.

அன்றைக்குத்தான் சமையலறையில் கவனித்தேன்.
திங்கட்கிழமை நான் அறுத்த கம்பு ரொட்டி
வியாழக்கிழமையும் அதே வெட்டுமுகத்தோடு,
விளிம்பு மட்டும் காய்ந்து.
பால் நான் விட்ட மட்டத்தில்.
செலவு கூடவில்லையே என்று
ஒரு வாரமாய் சந்தோஷப்பட்டிருக்கிறேன், பாவி.

எண்ணைத் துரத்தாதே என்பார்கள்
இந்தத் தொட்டிக்காரர்கள்.
எதையாவது ஊற்றி ஒரே இரவில் சரிசெய்யப் போனால்
அதுவே கொன்றுவிடும்.
ஹீட்டரைப் பற்றி நான் பேசவில்லை.
ஏன் சாப்பிடவில்லை என்றும் கேட்கவில்லை.
சூப்பை மூடி வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.

9.5
9.5
9.5
இப்படிப் பதினோரு இரவு.

பன்னிரண்டாம் இரவு
தண்டவாளத்தின் பிரிப்பானில் பனி இறுகி
ஒன்றரை மணி ஆகிவிட்டது நான் வர.
தொட்டியின் நீல வெளிச்சத்தில்
தரையில் உட்கார்ந்திருந்தான்.
குப்பியைச் சட்டை முனையால் துடைத்துக்கொண்டிருந்தான்,
இரண்டு தரம், மூன்று தரம்.
தினமும் சுவரைத்தான் பார்க்கிறான் என்று நினைத்திருந்தேன்.
கவிழ்த்தான். நிமிர்த்தினான்.
பொத்தானை அழுத்தினான்.

9.4

என்னைத் திரும்பிப் பார்த்தான், முகம் வெளுத்து:
குறைஞ்சிருச்சே. நான் தப்பாப் பண்ணிட்டேனா?

கருவியின் பிழையே புள்ளி மூன்று.
காகிதத்தில் போட்டிருக்கிறது, எனக்குத் தெரியும்.
அதை அவனிடம் சொல்லவில்லை.
நோட்டை எடுத்து
தேதி போட்டு, எண்ணைப் போட்டு, அவன் பெயரும் போட்டேன்.
வழக்கமாகப் பென்சிலில் எழுதுவேன்.
அன்று பேனா தேடினேன்.